நிஜ சண்டையில் ஹாப்கிடோ கை கொடுக்குமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வெச்சு, கொஞ்சம் சுருக்கித் தொகுத்தது.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவங்க காலேஜ்ல படிக்கிற பொண்ணு. "அண்ணா, ஆறு மாசமா ஹாப்கிடோ கிளாஸ் போறேன். மணிக்கட்டைப் பிடிச்சா எப்படி விடுவிக்கிறது, கத்தியோட வந்தா எப்படிப் பிடுங்குறதுன்னு சொல்லித் தர்றாங்க. கிளாஸ்ல எல்லாமே சரியா வருது. நிஜத்துல வருமா?" அவ்வளவுதான் கேள்வி. இருபது செகண்ட்கூட இல்ல. ஆனா இதுக்கு "வரும்"னு சொன்னா ஆபத்து, "வராது"ன்னு சொன்னா தப்பு. அதனாலதான் ஒரு முழு எபிசோடு.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். சில வருஷத்துக்கு முன்னாடி நானும் எட்டு மாசம் ஹாப்கிடோ கத்துக்கிட்டேன். மணிக்கட்டை வெளிப்பக்கமா திருப்பி ஆளையே சாய்க்கிற ஒரு பிடி இருக்கு. கிளாஸ்ல நான் அதைப் போட்டா எதிர்ல இருக்கறவர் அழகா சுழன்டு விழுவார். எனக்கு ஒரே பெருமை. ஒரு ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில எங்க சித்தி பையனைக் கூப்பிட்டு, "டேய், என் கையைப் பிடி, நிஜமா பிடி"ன்னேன். பிடிச்சான். நான் திருப்ப ஆரம்பிச்ச உடனே அவன் முழங்கையை மடக்கி கையை நெஞ்சோட சேர்த்துக்கிட்டான். இன்னொரு கையால என் டி-ஷர்ட்டைக் கொத்தாப் பிடிச்சு ஒரே தள்ளு. போய்த் தண்ணி டேங்க்ல மோதி நின்னேன். "ஏன்டா இப்படிப் பண்ணே?"ன்னு கேட்டா, "நீதானே நிஜமா பிடின்னு சொன்னே"ங்கறான்.

அவன் பேர்ல தப்பே இல்ல. கிளாஸ்ல என்கிட்ட கை கொடுத்தவங்க எல்லாரும் கையைக் கொடுத்துட்டு அப்படியே நின்னாங்க. இவன் நிக்கல. இன்னிக்கு பேசப்போற விஷயம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்துக்குள்ளதான் இருக்கு.

ஹாப்கிடோ எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சா இது இன்னும் சுவாரஸ்யமாகும். இது கொரியக் கலை. ஆனா வேர் ஜப்பான்ல இருக்கு. சோய் யோங்-சுல்னு ஒரு கொரியர். சின்ன வயசுலயே ஜப்பானுக்குப் போனவர், இரண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் கொரியா திரும்பி டேகு நகரத்துல குடியேறினார். ஜப்பான்ல தகேடா சோகாகுங்கற பெரிய ஆசான்கிட்ட தைத்தோ-ரியு அய்கி ஜுஜுட்சு கத்துக்கிட்டதா சொன்னார். தகேடா தன்கிட்ட கத்துக்கிட்டவங்க பேரையெல்லாம் பதிவேட்டுல எழுதி வாங்கற ஆள். அதுல சோய் பேர் கிடைக்கலைங்கறதால இந்தச் சர்ச்சை இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அய்கிடோவைத் தொடங்கின உவெஷிபா மோரிஹேயும் இதே தகேடாவோட மாணவர்தான். ஹாப்கிடோ, அய்கிடோ ரெண்டு பேரையும் சீன எழுத்துல எழுதினா ஒரே மூணு எழுத்து. உச்சரிப்புதான் வேற.

ஹாப்கிடோ பொறந்த கதைன்னு பயிற்சிக்கூடங்கள்ல சொல்ற கதை ஒண்ணு இருக்கு. வருஷம் 1948. டேகுல ஒரு சாராய ஆலை. அங்க வடிச்சு மிச்சமாகிற தானியச் சக்கையைப் பன்றிக்குத் தீனியா வாங்க ஜனங்க வரிசையில நிப்பாங்க. அந்த வரிசையில சோயும் நின்னார். இடம் பிடிக்கிறதுல தகராறு. நாலஞ்சு பேர் அவரைப் பிடிச்சுத் தள்ளப் பார்க்க, சின்ன உருவமா இருந்த அந்த மனுஷன் ஒவ்வொருத்தரையா கீழே போட்டார். ஆலையை நடத்தின சோ போக்-சோப் ஜன்னல் வழியா இதைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அவர் ஜூடோவுல பிளாக் பெல்ட். ஆளை மேலே கூப்பிட்டு, "எனக்குக் காட்டுங்க"ன்னு சட்டையைப் பிடிச்சார். விழுந்தார். திரும்பப் பிடிச்சார், திரும்ப விழுந்தார். அப்புறம் அவரே முதல் மாணவர் ஆயிட்டார். 1951ல ரெண்டு பேரும் சேர்ந்து பயிற்சிக்கூடம் திறந்தாங்க.

இந்தக் கதையில எவ்வளவு உண்மை, எவ்வளவு மெருகுன்னு ஆளாளுக்கு வேற மாதிரி சொல்வாங்க. ஆனா கதைக்குள்ளேயே ரெண்டு விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, அந்தச் சண்டை எப்படிப்பட்ட சண்டை? வரிசையில பிடிச்சு இழுக்கறது, தள்ளறது. பாக்ஸிங் மாதிரி தூரத்துல நின்னு குத்து விட்ட சண்டை இல்ல. ரெண்டு, சோயைச் சோதிச்சுப் பார்த்தவர் சும்மா நின்னு கை கொடுத்தவர் இல்ல. விழாம இருக்கறதையே வருஷக்கணக்கா பயிற்சி பண்ண ஜூடோக்காரர். அதாவது இந்தக் கலையோட முதல் பாடமே எதிர்த்து நிக்கிற ஆள்மேலதான் நடந்திருக்கு. பிற்பாடு நிறைய கிளாஸ்கள்ல காணாமப் போனதும் அந்த எதிர்ப்புதான்.

சரி, பிடி ஏன் என் சித்தி பையன்மேல பலிக்கல? கொஞ்சம் இயந்திரக் கணக்கா பார்க்கலாம். மணிக்கட்டைத் திருப்பினா வலிக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தத் திருப்பல் உடம்பைச் சாய்க்கணும்னா, மணிக்கட்டுக்கும் தோளுக்கும் நடுவுல தளர்ச்சியே இருக்கக் கூடாது. கயிறு விறைப்பா இருந்தாதான் ஒரு முனையை இழுத்தா மறுமுனை அசையும், அது மாதிரி. எதிராளி முழங்கையை மடக்கினா, ஒரு அடி நகர்ந்தா, தோளைத் தாழ்த்தினா, தளர்ச்சி வந்துடும். நீங்க என்னதான் திருப்பினாலும் அவருக்கு வலி வர்றதுக்குள்ள அவரோட இன்னொரு கை வந்துடும். அந்த இன்னொரு கையைப் பத்தி கிளாஸ்ல யாருமே பேசறதில்லைங்கறதுதான் என்னோட பெரிய குறை.

குத்து விஷயம் இன்னும் மோசம். கிளாஸ்ல தாக்கறவர் ஒரு அடி முன்னால வெச்சு, கையை நீட்டி, அப்படியே நிறுத்திடுவார். நீங்க அந்தக் கையைப் பிடிச்சு, திருகி, சாய்ச்சு, முழங்கையை முட்டி போட்டு அமுக்கி... இதெல்லாம் முடியற வரைக்கும் அந்தக் கை அங்கேயே தொங்கிக்கிட்டு இருக்கும். நிஜத்துல குத்து விடறவன் கையைத் திரும்ப இழுத்துடுவான், அடுத்ததை உடனே விடுவான். பறக்கிற குத்தைப் பிடிக்கிறது பறக்கிற ஈயை விரல்ல பிடிக்கிற மாதிரி. ஒருதடவை முடியலாம். அதை நம்பி முகத்தைக் கொடுக்க முடியாது.

அப்படின்னா மணிக்கட்டுப் பிடி எல்லாம் டுபாக்கூரா? இல்ல. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவுல மணிக்கட்டுப் பிடி உண்டு. அந்த விளையாட்டோட பெரிய அமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். விதிப்படி பெரியவங்களுக்கு ப்ளூ பெல்ட்லேருந்து அது அனுமதி. முழு பலத்தோட எதிர்க்கிற ஆள்மேல அதைப் போட்டு ஜெயிக்கவும் செய்றாங்க. வித்தியாசம் என்னன்னா, அங்க எதிராளி ஏற்கெனவே தரையில அமுங்கி இருப்பான். முழங்கை உங்க நெஞ்சுலயோ பாய்லயோ மாட்டியிருக்கும், நகர இடம் இருக்காது. கயிறு தானா விறைப்பாகிடுது. அதே பிடி, அதே எலும்பு, அதே வலி. நிக்கும்போது பலிக்காதது படுத்தா பலிக்குது. போலீஸ்காரங்க ஒருத்தர் கையைப் பின்னால மடக்கும்போது சுவரோட, காரோட, தரையோட அமுக்கறதும், ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு பேரா போறதும் இதுக்காகத்தான்.

இங்க ஒரு வாதம் வரும். "ஹாப்கிடோ டெக்னிக் எல்லாம் ரொம்ப ஆபத்தானது. கண்ணு, தொண்டை, விரல். அதனாலதான் எம்.எம்.ஏ. போட்டியில காட்ட முடியல." இதுல பாதி உண்மை இருக்கு. எம்.எம்.ஏ.வோட பொது விதிகள்ல விரல் மாதிரி சின்ன மூட்டுகளை முறுக்கறது தடை. கண்ல விரல் விடறதும் தடை. தெரியாம விரல் பட்டே பல ஃபைட் நின்னு போயிருக்கு, அதனால அது வேலை செய்யும்ங்கறதும் நிஜம்தான். ஆனா கண்ல விரல் படணும்னா முதல்ல முகம் வரைக்கும் கை போகணும். ஒருத்தர் முகத்துல சாதாரணக் குத்தே போட முடியாதவர், அதைவிடச் சின்ன இலக்கான கண்ல எப்படித் தொடுவார்?

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடியே ஒருத்தர் பதில் கண்டுபிடிச்சிட்டார். கானோ ஜிகோரோ. 1882ல டோக்கியோவுல கோடோகானைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கினவர். பழைய ஜுஜுட்சு பள்ளிகள்ல கொடூரமான பிடிகள் ஏகப்பட்டது இருந்துச்சு. ஆனா கொடூரமா இருக்கறதாலேயே அதை யார்மேலயும் முழு வேகத்துல போட்டுப் பார்க்க முடியாது. கானோ ஆபத்தானதைத் தனியா ஒதுக்கி வெச்சுட்டு, மிச்சத்தை முழு எதிர்ப்போட பயிற்சி பண்ண வெச்சார். ராண்டோரின்னு பேர். இன்னிக்கும் ஜூடோ போட்டியில மூட்டுப் பிடின்னா முழங்கை மட்டும்தான் அனுமதி. பார்த்தா கை குறைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா தினமும் எதிர்த்து நிக்கிற ஆளோட இருபது பிடி பழகினவர், எதிர்க்காத ஆளோட முந்நூறு பிடி பழகினவரைப் பெரும்பாலும் சாய்ச்சுடுவார். நம்ம காலத்துல மேட் தார்ன்டன்னு ஒரு அமெரிக்கப் பயிற்சியாளர் இதே விஷயத்தை 'உயிர்ப்பு'ங்கற பேர்ல பேசினார். எதிராளிக்கு அசைவு இருக்கணும், நேரம் அவன் கையில இருக்கணும், பலம் காட்டணும். இல்லேன்னா அது பயிற்சி இல்ல, நடனம்.

நடனம்னதும் சினிமா. ஹாப்கிடோவை உலகத்துக்குக் கொண்டுபோனதே சினிமாதான். புரூஸ் லீயோட 'கேம் ஆஃப் டெத்'ல ஒரு தளத்துல அவரோட மோதறவர் ஜி ஹான்-ஜே. சோயோட மாணவர்கள்ல ரொம்பப் பிரபலமானவர். 1971ல வந்த 'பில்லி ஜாக்' படத்துல ஹீரோவுக்குப் பதிலா காலைத் தூக்கி உதைச்சவர் ஹான் போங்-சூ. 1972ல ஹாங்காங்ல 'ஹாப்கிடோ'ன்னே ஒரு படம், ஏஞ்சலா மாவ் நடிச்சது. ஜாக்கி சானோட 'தி யங் மாஸ்டர்' கடைசி சண்டையில அவரைப் போட்டுப் புரட்டி எடுக்கறாரே, ஹுவாங் இன்-ஷிக், அவரும் ஹாப்கிடோக்காரர். அந்த ஃபைட்டை யூடியூப்ல தேடிப் பாருங்க, அவ்வளவு அழகு. ஆனா சினிமா சண்டையில விழறவருக்குத்தான் பாதி வேலை. நம்ம கிளாஸ் பார்ட்னரும் தெரியாமலேயே ஸ்டன்ட் ஆர்ட்டிஸ்ட் ஆயிடறார்.

அதே ஜி ஹான்-ஜே, ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயோட மெய்க்காப்பாளர்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். இதைத்தான் கவனிக்கணும்னு நினைக்கறேன். மெய்க்காப்பாளரோட வேலை என்ன? யார்கூடயும் மோதி ஜெயிக்கறது இல்ல. கூட்டத்துக்குள்ளேருந்து ஒரு கை நீளுது, அந்தக் கையை மடக்கி ஓரங்கட்டணும். கூடவே நாலு பேர் இருப்பாங்க. எதிராளி பெரும்பாலும் தயாரா இருக்க மாட்டான். ஆஸ்பத்திரி செக்யூரிட்டி, பார் வாசல்ல நிக்கிற பவுன்சர், குடிச்சுட்டு ரகளை பண்ற உறவுக்காரரைக் கல்யாண வீட்லேருந்து வெளியே கூட்டிக்கிட்டுப் போறவர்... இவங்களுக்கு ஹாப்கிடோ நிஜமாவே கை கொடுக்கும். அந்த நிலைமையில மூக்கை உடைக்கிற குத்தைவிட, காயம் இல்லாம நகர்த்தற பிடிதான் தேவை. ஹாப்கிடோ பலிக்கிற சண்டை இருக்கு. அது நாம கற்பனை பண்ற சண்டை இல்ல, அவ்வளவுதான்.

நல்ல ஆசான்கள் இன்னொண்ணையும் சேர்த்துச் சொல்லித் தருவாங்க. பிடிக்கு முன்னாடி ஒரு அடி. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புல ஒரு உதை, இல்ல முகத்துக்கு நேரா சட்டுன்னு ஒரு கை. அவன் கவனம் அங்க போற அந்த அரை செகண்ட்லதான் பிடி விழும். ஹாப்கிடோவோட தாழ்வான உதைகள் ரொம்ப உருப்படியானது. சுழன்டு அடிக்கிற உயர உதைகளை நீங்க ரீல்ஸுக்கு வெச்சுக்கலாம்.

மணிக்கட்டை விடுவிக்கிறதையும் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். பிடியை வெச்சு ஆளைச் சாய்க்கிறது வேற, பிடியிலேருந்து கையை உருவறது வேற. யார் பிடிச்சாலும் கட்டைவிரலும் மத்த விரலும் சந்திக்கிற இடம்தான் பலவீனம். அந்த இடைவெளிப் பக்கமா உங்க கையோட மெலிசான விளிம்பைத் திருப்பி, உடம்போட சேர்த்து வெடுக்குன்னு இழுத்தா வந்துடும். இதுல அவனைச் சாய்க்க வேண்டியதில்ல, வலி கொடுக்க வேண்டியதில்ல. கை வந்தா போதும், ஓடிடலாம்.

இப்போ அந்தப் பொண்ணு கேட்ட ரெண்டாவது விஷயம், கத்தி. இங்க நான் கொஞ்சம் கடுமையாத்தான் பேசப்போறேன். கிளாஸ்ல கத்தி எப்படி வருது? ரப்பர் கத்தி, வயித்துக்கு நேரா ஒரே ஒரு குத்து, குத்தின கை நீட்டினபடியே நிக்கும். சிசிடிவில வர்ற கத்திக்குத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், பெரும்பாலும் அது அப்படி இருக்காது. ஒரு கையால சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தையல் மெஷின் மாதிரி திரும்பத் திரும்பக் குத்தறது. கத்தி கண்ணுக்கே தெரியாது. அடி வாங்கினவர் பல சமயம் குத்துன்னு நினைச்சுக்கிட்டு இருப்பார், ரத்தத்தைப் பார்த்த அப்புறம்தான் கத்தின்னே தெரியும்.

அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டி போலீஸ்ல இருந்த டென்னிஸ் டூலர் ஒரு சோதனை பண்ணினார். 1983ல கட்டுரையா எழுதினார். கத்தியோட ஒருத்தன் 21 அடி தூரத்துலேருந்து ஓடி வந்தா எவ்வளவு நேரம் ஆகும்? சுமார் ஒன்றரை செகண்ட். இடுப்புல துப்பாக்கி வெச்சிருக்கிற போலீஸ்காரர் அதை உருவிச் சுடறதுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். யோசிச்சுப் பாருங்க, துப்பாக்கி இருக்கறவருக்கே 21 அடியில கஷ்டம். கைநீட்டுற தூரத்துல, வெறுங்கையோட, மணிக்கட்டைப் பிடிச்சுத் திருகுவேன்னு நம்பறது எவ்வளவு பெரிய பந்தயம்!

நம்பலேன்னா வீட்லயே பரிசோதிக்கலாம். பழைய வெள்ளை டி-ஷர்ட் ஒண்ணு போட்டுக்கோங்க. தம்பி கையில ஸ்கெட்ச் பேனாவைக் கொடுங்க. இருபது செகண்ட் நேரம் வெச்சு, "எப்படி வேணா குத்து"ன்னு சொல்லிட்டு, கிளாஸ்ல கத்துக்கிட்டதை எல்லாம் போடுங்க. முடிஞ்சதும் சட்டையில எத்தனை கோடுன்னு எண்ணுங்க. நான் எண்ணினேன். பதினொண்ணு. அதுல மூணு கழுத்துப் பக்கம்.

பர்ஸ் கேட்டா பர்ஸைக் கொடுங்க, போன் கேட்டா போனைக் கொடுங்க, ஓட முடிஞ்சா ஓடுங்க. ஓடவும் வழியில்லாம, அவன் விடவும் மாட்டேங்கறான்னா, அப்போ கையில கிடைச்ச எதையும் பயன்படுத்துங்க: பேக், நாற்காலி, குடை. ஹாப்கிடோவுல குட்டைத் தடி, கைத்தடிப் பயிற்சி இருக்கு. வெறுங்கைக் கத்திப் பிடுங்கலைவிட அது எவ்வளவோ மேல். உங்களுக்கும் கத்திக்கும் நடுவுல ரெண்டு அடி மரம் இருக்குமே.

கடைசியா ஒண்ணு. ஹாப்கிடோவுல யாருமே வீடியோ எடுத்துப் போடாத ஒரு பாடம் இருக்கு. விழறது. கொரிய மொழியில நக்போப். முகவாயை நெஞ்சோட ஒட்டி, முதுகை வளைச்சு, கையால பாயை அறைஞ்சு விழறது. முதல் ரெண்டு மாசம் இதைத்தான் போட்டுச் சாவடிப்பாங்க, எல்லாரும் அலுத்துக்குவாங்க. ஆனா தெருச் சண்டையில உயிர் போறதுல பல சமயம் காரணம் குத்து இல்ல, குத்து வாங்கி விழும்போது பின்மண்டை தரையில மோதறது. ஆஸ்திரேலியாவுல இப்படிச் சில இளைஞர்கள் இறந்து, அதனாலயே 2014ல நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 'ஒரே குத்து' சட்டம்னு தனியா கொண்டுவந்தது. மயங்கி விழறவனுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது, அதையும் சொல்லிடறேன். ஆனா தள்ளிவிட்டா, கால் தடுக்கினா, ஈர பாத்ரூம்ல வழுக்கினா, உடம்பு தானா முகவாயை இழுத்துக்கும். எட்டு மாசத்துல நான் கத்துக்கிட்டதுல இதுவரைக்கும் நிஜத்துல பயன்பட்டது இது ஒண்ணுதான். மழையில ஸ்கூட்டர் சறுக்கினப்போ.

அப்போ தங்கச்சி, கிளாஸை நிறுத்தணுமா? வேண்டாம். உங்க மாஸ்டர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "இது பலிக்கலேன்னா அடுத்து என்ன பண்ணணும்?" கோபப்படாம, உடனே ஒருத்தரைக் கூப்பிட்டு, "இவனை எதிர்க்கச் சொல்றேன், நீ பண்ணு"ன்னு சொன்னார்னா அவரை விடாதீங்க. "ஒழுங்கா பண்ணினா பலிக்காமப் போகவே போகாது"ன்னு சொன்னார்னா, கத்தி வகுப்பு நடக்கிற அன்னிக்கு மட்டும் அவர் சொல்றதை உடற்பயிற்சியா எடுத்துக்கோங்க. முடிஞ்சா பக்கத்துல ஜூடோ, ஜியு-ஜிட்சு, பாக்ஸிங் எதுலயாவது வாரத்துக்கு ஒருநாள் போங்க. எதிர்க்கிற உடம்பு எப்படி இருக்கும்னு அங்க தெரியும். அந்தப் பழக்கத்தோட திரும்பி வந்தா ஹாப்கிடோ பிடிகள்ல எதெல்லாம் உங்க கைக்கு நிக்கும்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

நானும் சித்தி பையனும் அதுக்கப்புறம் மூணு மாசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மாடியில மோதினோம். அவன் எதிர்க்கலாம், தள்ளலாம், இன்னொரு கையைப் பயன்படுத்தலாம். கையை உருவறது கடைசியில கிட்டத்தட்ட எப்பவுமே வந்துச்சு. அந்த அழகான மணிக்கட்டுத் திருகலை மொத்தமா நாலே தடவைதான் போட முடிஞ்சது. நாலு தடவையும் அவன் முதுகு தண்ணி டேங்க்ல ஒட்டி இருந்துச்சு.

அந்தச் சட்டை சோதனையை யாராவது பண்ணினா எத்தனை கோடுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. தயவுசெஞ்சு பெர்மனென்ட் மார்க்கர் எடுத்துடாதீங்க. என் கழுத்துல அந்த மூணு கோட்டோட ஒரு வாரம் ஆபீஸ் போனேன்.